பூனைக்காலியின் முதல் தண்ணீர்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இப்போது மருந்தாளுநராக இருப்பவள். ஏரி ரோட்டுக் கடைகளில் குதிரைப் படம் போட்ட டப்பாவில் ஒரு பொடி விற்கிறார்களாம். சுற்றிப் பார்க்க வருகிற ஆண்கள் மிளகும் காபித்தூளும் வாங்குகிற கையோடு அதையும் வாங்கிப் பைக்குள் செருகிக்கொள்கிறார்களாம்.

"டப்பாவத் திருப்பிப் பாத்தனுங்க மேடம். பாதிக்கு மேல பூனைக்காலி விதைன்னு போட்டிருக்குது. அது நெசமாலுமே வேலை செய்யுமுங்களா?"

"செய்யும் கண்ணு. அதனாலதான் பயமா இருக்குது" என்றேன்.

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பொடியை விட்டுவிட்டு மனசு கரடியூரில் ஒரு வீட்டு அடுப்போரத்தில் போய் நிற்கிறது. நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்கே அந்த அடுப்போரம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

என் படிப்புக் கதை பெரிதில்லை. சேலத்தில் மருந்தாளுநர் படிப்பு படித்தேன். படித்ததெல்லாம் மாத்திரையும் ஊசியும். எழுபதுகளின் கடைசியில் கிடைத்த வேலையோ, ஒரு எஸ்டேட் முதலாளி தர்மத்துக்கு நடத்திய ஆஸ்பத்திரியில், சித்த வைத்தியப் பிரிவில். "உரலில் இடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லை. இரண்டு வருஷத்தில் வேரையும் பட்டையையும் மோந்து பார்த்தே பெயர் சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டேன்.

எங்கள் வைத்தியர் அருணாசலம் வித்தியாசமான மனிதர். நோயாளியிடம் "என்ன பண்ணுது?" என்று முதலில் கேட்கவே மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, கேட்டிலிருந்து படி வரைக்கும் அவர்கள் நடந்து வருவதைப் பார்ப்பார். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும் என்பார். ஏதாவது முடிவு சொல்ல வேண்டியிருந்தால் எழுந்து போய்க் கை கழுவுவார். முடியாது என்றால் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார். வைத்திய விதிக்கு ஒத்துவராத ஒன்றுக்குச் சரி சொல்வதாக இருந்தால் மட்டும், முதுகைக் காட்டியபடி, துண்டில் கை துடைத்துக்கொண்டே சொல்வார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அவர் வாய் திறக்கும் முன்பே பதில் தெரிந்துவிடும்.

தை மாதத்தில் பூனைக்காலிக் காய் மூட்டையாக வந்து இறங்கும். காய் முழுக்கப் பொன்னிறச் சுணை. மேலே பட்டால் தோலைப் பிய்த்துப் போடலாம் போல அரிக்கும். சாக்கை நனைத்துவிட்டுத்தான் பிரிப்போம். அப்படியும் காற்றில் பறந்து, பக்கத்து வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அலறுவாள். அப்புறம் விதையைப் பசும்பாலில் வேகவைத்து, தோலுரித்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். மலையில் நிழலில் உலர்த்துவது என்பது லேசான காரியமா? பனி இறங்கினால் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காவல் இருக்க வேண்டும்.

அந்தப் பொடிக்கு வருகிற ஆண்களைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளே என்று கூசிப்போய், கூட்டம் கலையும் வரை புளியமரத்தடியிலேயே நிற்பார்கள். அப்புறம் மெதுவாக வந்து, "எங்க அண்ணனுக்கு வேணுமுங்க" என்பார்கள். இந்த மலையில் தம்பிகளுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை, அண்ணன்மார்தான் பாவம் என்று நான் சொல்லிச் சிரிப்பேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் கல்யாணம் ஆகப்போகிற மருமகனுக்கு என்று கேட்டார். "மருமகனைக் கூட்டிட்டு வாங்க" என்றார் வைத்தியர். மறுவாரம் ரைட்டரே தனியாக வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சோதித்துப் பார்த்தால் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம். பொடி கிடைக்கவில்லை, பத்தியம்தான் கிடைத்தது.

"இது ஆசைக்கு மருந்து இல்லீங்க அம்மிணி" என்று வைத்தியர் அடிக்கடி சொல்வார். "மண்டைக்குள்ள ஒரு ஊத்து இருக்குது. நடையும் அதுலதான் பாயுது, ஆசையும் அதுலதான் பாயுது, கனவும் அதுலதான். ஊத்து வத்திப்போனவங்களுக்கு நாம குடத்துல கொண்டுபோயி ஊத்தறோம். எந்த வாய்க்கால்ல எவ்வளவு போகோணுமுன்னு குடத்துக்குத் தெரியுமா?"

அந்த ஊற்றின் பெயர் டோபமின் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் நடுக்கவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரையில் இருக்கும் அதே சரக்கு இந்த விதைக்குள்ளும் இருக்கிறது. இருந்தாலும் அவர் சொன்ன குடம்தான் என் மனசில் நின்றது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழை நாளில் சடையனும் அவர் மனைவி சின்னப்பொண்ணும் வந்தார்கள். கரடியூர்க்காரர்கள். கொஞ்சம் காபி, கொஞ்சம் ராகி, நாலு ஆரஞ்சு மரம். அவருக்கு அறுபது இருக்கும், அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். கேட்டிலிருந்து அவர் நடந்து வந்ததை நானும் ஜன்னலில் பார்த்தேன். உடம்பு முன்னால் சாய்ந்து, சின்னச் சின்ன எட்டாக வைத்து, கை ஒன்று தானாக எதையோ உருட்டியபடி வந்தார். எங்கள் படிக்கு முன்னால் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கப் பார்க்கிறார், வரவில்லை. சின்னப்பொண்ணு தன் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். அவர் அந்தக் காலைப் பார்த்தார், அதைத் தாண்டினார், உள்ளே வந்துவிட்டார்.

"இப்புடித்தானுங்க ஊட்லயும். வாசப்படி வந்தா நின்னுக்குவாரு. என் காலு குறுக்க இருந்தாத்தான் தாண்டுவாரு" என்றாள்.

சேலத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது மலைக்கு வந்து சேர்வது நிச்சயமில்லாததால் எங்களிடம் வந்துவிட்டார்கள். மாத்திரையும் பொடியும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று வைத்தியர் பலதடவை சொன்னார். காலையும் மாலையும் பாலில் கலந்து கொடுக்கச் சொல்லி நான் பொட்டலம் மடித்துக் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் ஆள் மாறிவிட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது. ஒருநாள் சின்னப்பொண்ணு தனியாக வந்தாள். புதுச் சேலை, தலையில் டிசம்பர்ப் பூ. ஜன்னலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "ஏனுங்கக்கா, இந்த மருந்து... கைகாலுக்கு மட்டுமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கவனிச்சுக்கச் சொல்லுங்க அம்மிணி. அளவுக்கு மீறினாச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அளவு மீறியதை அவள் வந்து சொல்லவில்லை. அடுத்த தடவைகளில் பொட்டலம் வாங்க வந்தபோது தலையில் பூ இல்லை, ஆள் இளைத்திருந்தாள். நானே கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"என் தோளு மேல கையப் போட்டுக்கிறாருங்க. ஆனா எனக்குப் பின்னால பாக்கறாருங்கக்கா."

"பின்னால யாரு?"

"வெள்ளச்சி."

வெள்ளச்சி சடையனின் மூத்த மனைவி. கல்யாணமான மறுவருஷமே, மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டும்போது வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சின்னப்பொண்ணைக் கட்டிவைத்தார்கள்.

வைத்தியர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். நாங்கள் போனபோது பகல்தான், ஆனால் கரடியூரை மேகம் மூடிக் கிடந்தது. நாலு அடிக்கு அப்பால் இருக்கிற காபிச் செடிகூடத் தெரியவில்லை. சத்தம் கேட்டுச் சடையன் வெளியே வந்தார். எங்கள் படியில் ஒட்டிக்கொண்ட அந்தக் கால், வாசற்படியை மாப்பிள்ளை மாதிரி தாண்டி வந்தது. சின்னப்பொண்ணு பக்கத்தில்தான் நின்றாள். அவள் காலை அவர் பார்க்கவே இல்லை.

உள்ளே ஒரே அறை. மூலையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குளிருக்கு நான் அடுப்போரமாகப் போய் உட்காரப் போனேன். சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அங்க வேண்டாமுங்கக்கா. இந்தப் பக்கம் உக்காருங்க."

அங்கே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. தட்டுக்கு முன்னால் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. சின்னப்பொண்ணு அடுப்புக்கும் குடத்துக்கும் நடந்தபோதெல்லாம் நேர்வழியில் போகவில்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். சடையனுக்குத் தெரிகிறது என்றால் நோய், மருந்து என்று சொல்லலாம். ஒன்றும் தெரியாத இவள் எதற்கு வழி விடுகிறாள்?

வைத்தியர் சாதாரணமாகக் கேட்டார். "எப்ப வருவாங்க?"

"வெயில் ஏறினப்புறம் வருவாளுங்க. அடுப்போரம் வந்து குந்துவா. பேசமாட்டா."

"என்ன சேலை?"

"நான் எடுத்துக் குடுத்த கூரச்சேலதானுங்க. ஈரமா இருக்குது. காயவே மாட்டேங்குதுங்க."

சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. அவர் கண் வாசலிலிருந்து மெதுவாக நகர்ந்து, என்னைக் கடந்து, அடுப்போரத்தில் வந்து நின்றது. யாரோ நடந்து வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. அப்புறம் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எந்தப் புருஷன் முகத்திலும் பார்த்ததில்லை. சின்னப்பொண்ணும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் முந்தானைக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்கள் பொடி அளவுக்கு இது வரக் கூடாது. வேறென்ன சாப்பிடுகிறார் என்று வைத்தியர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அடுப்பைப் பார்த்தேன். சட்டியில் பூனைக்காலி விதை வெந்துகொண்டிருந்தது. அதில் அதிசயம் இல்லை. பஞ்ச காலத்தில் மலைக்காரர்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஏழு தடவை வேகவைத்து ஏழு தடவை தண்ணீரைக் கொட்ட வேண்டும். முதல் தண்ணீர் பித்தம், மாடுகூட வாய் வைக்கக் கூடாது என்று வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஊற்றுவார்கள். இந்த வீட்டில் அந்த முதல் தண்ணீர் வடித்து ஒரு சொம்பில் மூடி வைத்திருந்தது.

"இத எதுக்கு எடுத்து வெச்சிருக்கிற?" என்று கேட்டேன்.

அவள் என்னை வெளியே கூட்டிப்போனாள். மேகத்துக்குள் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

"உங்க பொடியும் இந்த வெதைதானுங்களே? பொடியத் தின்னதும் என் பக்கம் திரும்பினாருங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அப்புடித் திரும்புனதில்லீங்க. வெதையோட சத்தெல்லாம் மொதத் தண்ணியிலதான இருக்குதுன்னு, கொஞ்சூண்டு பால்ல ஊத்திக் குடுத்தனுங்க. நொம்ப நல்லா இருந்தாருங்க. அப்புறம் அவ வந்துட்டா."

"வந்தப்புறமாச்சும் நிறுத்த வேண்டீதுதானே?"

"நிறுத்தினா அவ போயிருவா, சரி. என்னையத் தொடறதும் போயிருமுங்களே அக்கா?"

திட்டத்தான் வாயெடுத்தேன், திட்டு வரவில்லை. தன் புருஷன் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இவளே ஊற்றிய தண்ணீர், சக்களத்தியை ஓடையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துரத்த எந்தச் சலிக்கிற துணியாலும் முடியாது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

வைத்தியர் சொம்பைக் கையோடு எடுத்துக் கவிழ்த்தார். பொடியைக் குறைத்தார்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். ஜன்னலில் பார்த்தேன். கை நடுக்கம் அதிகமில்லை, நடை பரவாயில்லை. படிக்கு முன்னால் வந்ததும் கால் ஒட்டிக்கொண்டது. சின்னப்பொண்ணு தன் காலைக் குறுக்கே வைத்தாள். அவர் தாண்டினார். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் தெரிந்தது.

"இப்ப எப்புடி இருக்குதுங்க?" என்றார் வைத்தியர்.

"போயிட்டாளுங்க" என்றார் சடையன். திரும்பிப் போகிற வரைக்கும் சின்னப்பொண்ணை ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை.

சித்திரை முடிகிற சமயம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சில நாள் முன்னால், சின்னப்பொண்ணு மறுபடி தனியாக வந்தாள். நேராக வைத்தியர் முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனுங்க டாக்டரு, திருநா அன்னிக்கு ஒரு நாளு மட்டும் அந்தத் தண்ணியக் குடுத்துக்கட்டுமுங்களா?"

"எதுக்கு?"

"ஊமையாட்டக் குந்தியிருக்கறாருங்க. சோறு எறங்கறதில்ல. அடுப்போரத்தையே பாத்துட்டு இருக்கறாரு. வருசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவட்டுமுங்க அவ."

"நீ அப்ப எங்க இருப்பே?" என்று நான் இடையில் புகுந்து கேட்டேன்.

"நான் கோயிலுக்குப் போயிருவனுங்கக்கா. புருசம் பொண்டாட்டி இருக்கற ஊட்ல எனக்கென்ன வேலை?"

வைத்தியர் எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு முதுகைக் காட்டியபடி துண்டை எடுத்தார். அவள் அண்ணன் அன்று முழுக்க வாசலில் காவல் இருக்க வேண்டும், அரை டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

திருவிழா முடிந்து அவள் வந்தபோது, என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"வந்தாளாமுங்க" என்றாள். "ரெண்டு தட்டுல சோறு போட்டு வெச்சுட்டுப் போனனுங்க. வந்து பாத்தா ரெண்டும் காலியா இருந்துது."

"ரெண்டையும் அவரே சாப்பிட்டிருப்பாரு" என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

"இருக்குமுங்க" என்றாள். அடுப்போரம் ஈரமாக இருந்ததா என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அப்புறம் வந்த திருவிழாக்களிலும் அப்படியே நடந்தது. மலையே திரண்டு சேர்வராயனைப் பார்க்கப் போகும்போது அவளும் போவாள். கூட்டத்தில் ஒன்றிரண்டு தடவை அவளைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுகிறவள் மாதிரி இருக்காது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பனிக்காலத்தில் சடையன் நெஞ்சுச் சளி கட்டி இறந்துபோனார். வைத்தியரும் அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அடுத்த திருவிழாவுக்கு மறுநாள் சின்னப்பொண்ணு என் ஜன்னலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் குழிந்து, உதடு வறண்டிருந்தது.

"என்னாச்சு?"

"நேத்து அந்தத் தண்ணிய நாங் குடிச்சுப் பாத்தனுங்கக்கா. ஒரு சொம்பு."

"அடி பாவி! உனக்கென்ன பைத்தியமா?"

"வாந்திதான் வந்துது. பொழுதோட குடலே வெளிய வந்துருமாட்ட வாந்தி. ரெண்டு தட்டு வெச்சிருந்தனுங்க. அவரு வரலீங்க."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். ஊற்று வற்றியவர்களுக்குத்தான் அந்தக் குடம், உனக்கு ஊற்று நிறைந்து கிடக்கிறது, மேலே ஊற்றினால் வயிறு தள்ளிவிடும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அவருக்கு வந்த நோவு எனக்கும் வந்துதுன்னா, வருவாருங்களா?"

அவள் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரல்களை விரித்துக்கொண்டு, அசையாமல் பிடித்தாள்.

"நல்லாப் பாருங்கக்கா. கொஞ்சமாச்சும் நடுங்குதுங்களா?"

பார்த்தேன். காபி பறித்துக் காய்த்துப்போன கை. கல்லில் வைத்த மாதிரி நின்றது.

"இல்ல சின்னப்பொண்ணு. உனக்கு ஒரு நோயும் இல்ல" என்றேன்.

எத்தனையோ பேருக்கு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அதைக் கேட்டு அழுதவள் அவள் ஒருத்திதான்.